எம்.சி.ஏ.வா, எம்.எஸ்சி. கணினி அறிவியலா?

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுக் கணினித் துறைக்குத் தாவ நினைத்தபோது நான் எடைபோட்டவை இந்த இரண்டு படிப்புகளைத்தான். கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ.வில் சேர்ந்தேன், அதனால் என் தராசு அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.

பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டுமே இரண்டாண்டுப் படிப்புகள். டேட்டாபேஸ், நெட்வொர்க், புரோகிராமிங் இரண்டிலும் உண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வையும் இரு தரப்பினரும் எழுதலாம். இதிலெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

தகுதி நிபந்தனைதான் விஷயம். எம்.எஸ்சி. கணினி அறிவியலுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் போன்ற கணினிப் பட்டத்தையே கேட்கின்றன. அது கையில் இருந்தால் பல இடங்களில் நுழைவுத் தேர்வுகூடக் கிடையாது, மதிப்பெண்ணை வைத்தே சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் விண்ணப்பப் படிவத்தோடு கதை முடிந்துவிடும்.

எம்.சி.ஏ. அப்படியல்ல. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படித்தவர்களும் வரலாம், பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கல்லூரிகள் கேட்கலாம். மதிப்பெண் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதி, கலந்தாய்வுக்குப் போக வேண்டும். திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு நிம்செட் என்ற தனித் தேர்வு. அங்கே 60 சதவீதம் கேட்பார்கள். பிளஸ் டூ கணிதமும் போதாது. பி.இ., பி.டெக். படித்தவர்கள் தவிர மற்றவர்களுக்குப் பட்டப்படிப்பிலேயே கணிதமோ புள்ளியியலோ பாடமாக இருந்திருக்க வேண்டும். தேர்வின் 120 கேள்விகளில் 50 கணிதம். கணிதம் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் உள்ளே விட்டுவிட்டதாலேயே எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 2020-21இல் இரண்டாண்டாகக் குறைக்கப்படும் வரை எம்.சி.ஏ. மூன்றாண்டுப் படிப்பு. கணினிப் பட்டதாரிகள் நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருந்தது. மற்றவர்களுக்கு முதலாண்டு அடித்தளம் போடக் கிடைத்தது. இப்போது அந்த ஓராண்டைச் சுருக்கி, அடிப்படைகளைச் சொல்லித்தரும் கூடுதல் வகுப்புகளாக, பிரிட்ஜ் கோர்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கைப் பி.சி.ஏ. மாணவர் வகுப்பு முடிந்து கிளம்பும்போது, நாம் சி மொழியின் பாயிண்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். வழக்கமான பாடங்களும் அதே வேகத்தில் ஓடும். எம்.சி.ஏ.வுக்கு நான் கொடுத்த உண்மையான விலை கல்விக் கட்டணமல்ல, இந்தக் கூடுதல் சுமைதான். சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே ஒரு நிரல்மொழியை ஓரளவு பழகிவிட்டால் பாதிச் சுமை குறையும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பிரிட்ஜ் வகுப்புகளை ஒழுங்காக நடத்துகிறார்களா, பெயருக்கு நடத்துகிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். கட்டடத்தையும் ஆய்வகத்தையும் பார்ப்பதைவிட இது முக்கியம்.

பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு என்ன சொல்வது? அவர்களுக்கு இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் எம்.எஸ்சி. பொருந்தும் என்று அதைப் படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது கேள்வி ஞானம்தான். வேலைதான் குறி என்றால், நான் எம்.சி.ஏ. பக்கமே கை காட்டுவேன்.

வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்புபவர்களுக்கு இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எம்.சி.ஏ.வைத் தொலைநிலையில் தருகிறது. கணினிப் பட்டம் இல்லாதவர்கள் அங்கேயும் கணித நிபந்தனை உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.