தின்றது செரிக்கவில்லையா, தின்னவே தோன்றவில்லையா?

சீன வைத்தியரிடம் போய் "பசியே இல்லை" என்றால் நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கில் பிசுபிசுவென்று தடித்த மாவு படிந்திருந்தால் பாவோஹெ வான் என்கிற உருண்டை மருந்து. நாக்கு வெளிறிக் கிடந்தால் சிஜுன்சி தாங் என்கிற கஷாயம். இரண்டும் வயிற்றுக்குத்தான், ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

பாவோஹெ வான் விருந்துக்கு மறுநாள் மருந்து. பன்றி இறைச்சியை ஒரு பிடி பிடித்துவிட்டு, புளித்த ஏப்பமும் உப்புசமுமாக உட்கார்ந்திருப்பவருக்கானது. யுவான் வம்சக் காலத்து மருத்துவர் ஜூ தான்ஷியின் பெயரில் வழங்குகிறது. இதில் முதலாளி ஷான்ஜா என்கிற குட்டிச் சிவப்புப் பழம். இறைச்சியையும் கொழுப்பையும் கரைப்பது அதன் பொறுப்பு என்பார்கள். முள்ளங்கி விதை, ஆரஞ்சு வகைப் பழத்தின் காய்ந்த தோல், புளிக்கவைத்த மாவு எல்லாம் துணைக்கு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு ஷான்ஜா புதிதல்ல: காசு காசாக அடுக்கி, பட்டாசு மாதிரி தாளில் சுற்றி விற்கும் அந்தப் புளிப்பு வில்லைதான். அது மிட்டாய், சர்க்கரை ஏராளம். மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குழந்தைகளுக்கென்றால் தா ஷான்ஜா வான் இருக்கிறது. 9 கிராம் தேன் உருண்டை, பழுப்பு நிறம், கடித்தால் பல்லில் ஒட்டும். அடம்பிடிக்காமல் தின்றுவிடும். வெறும் வயிற்றில் மட்டும் கூடாது. அல்சர் இருப்பவர்கள் பக்கமே போக வேண்டாம்.

சிஜுன்சி தாங் என்றால் 'நான்கு சான்றோர் கஷாயம்'. ஜின்செங், பைஜூ வேர், பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் பூஞ்சை, தேனில் வறுத்த அதிமதுரம். நான்கும் சாது, அதனால் அந்தப் பெயர். இரண்டு வாய்க்கே வயிறு நிறைந்து, சோர்ந்து, மலம் இளகிப் போகிறவருக்கு இது. ஒரே நாளில் பலன் பார்க்கிற சரக்கல்ல. ஜின்செங் விலைக்குப் பயந்து பலரும் மலிவான தாங்ஷென் வேரைப் போடுகிறார்கள், தப்பில்லை. ரத்த அழுத்தக்காரர்களுக்கு அதிமதுரம் ஆகாது. எடையும் சேர்ந்து குறைந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒருநாள் அஜீரணத்துக்கு ஷான்ஜாதான், யோசிக்கவே வேண்டாம். சரி, பாவோஹெ வானையும் சிஜுன்சி தாங்கையும் சேர்த்தே விழுங்கினால் என்ன? முள்ளங்கி விதை ஜின்செங்கின் பலத்தை முறித்துவிடும் என்பது சீன வைத்தியர்களின் பழைய எச்சரிக்கை. அப்படியானால் ஜின்செங்குக்குக் கொடுத்த காசு போச்சு.