கூட்டுக்குள் சிவப்புப் பேன்: மூன்று மாரிக்குப் பிறகு

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வளவில் 14 ஊர்க்கோழிகள் நிற்கின்றன. பலகைக் கூடு, கிடுகுக் கூரை. முதல் மாரியில் அடை கிடந்த பேடு ஒன்று, குஞ்சு பொரிக்க ஒரு கிழமை இருக்கும்போதே முட்டையை விட்டு எழும்பிப் போய்விட்டது. பிறகு இன்னொன்று. கொண்டையெல்லாம் வெளுத்திருந்தது. “மகள், கண்ணூறு பட்டிருக்கு, கூட்டை இடம் மாத்திப் போடு” என்றார் மாமி.

பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒருநாள் இரவு ரோச் அடித்துக்கொண்டு கூட்டுக்குள் கையை விட்டேன். முழங்கை வரை ஊர்ந்தது. கடுகில் பாதி அளவு, இரத்தம் குடித்துச் சிவந்தவை. இந்தச் சிவப்புப் பேன் கோழியில் குடியிருப்பதில்லை. இரவில் வந்து குடித்துவிட்டு, விடியுமுன் பலகை வெடிப்புக்குள் போய்விடும். இது விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதுவரை கோழிக்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் சொன்னதுபோல முதலில் மண்ணெண்ணெய் பூசினேன். இரண்டு இரவு நிம்மதி, அடுத்த கிழமை மறுகாவும் அதே கதை. வெடிப்புக்குள் இருக்கும் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரித்து, எங்கள் வெக்கைக்கு ஒரு கிழமைக்குள் முழுப் பேனாகிவிடுகிறது. மண்ணெண்ணெய் பட்டு ஒரு கோழிக்குக் காலும் வெந்துபோனது. அடுப்படிக்குப் பக்கத்தில் கூடு வைத்திருப்பவர்கள் அந்த வேலையே பார்க்க வேண்டாம். வேப்பங்குழை கட்டியதில் மணம் மட்டும்தான் மிச்சம். மச்சான் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கொண்டுவந்தார். முட்டை சாப்பிடுவது நாங்கள்தானே என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

சரி, பட்டினி போடுவோம் என்று ஆறு கிழமை கூட்டை வெறுமையாக விட்டேன். கோழிகள் முருங்கையில் உறங்கின. திரும்ப அடைத்த முதல் இரவே கடி. இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் இவை கிடக்கும் என்று பிறகுதான் அறிந்தேன்.

கை கொடுத்தது இதுதான். கூட்டைக் கழற்றிப் பலகைகளுக்குக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போட்டேன். காய்ந்தபின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, மேலே தடிப்பாகச் சுண்ணாம்பு அடித்தேன். கோழி ஏறி உறங்கும் மரக்கம்புகளை எடுத்துவிட்டு, சுவரில் முட்டாதபடி இரும்புக் குழாய் வைத்தேன். அதன் கால்கள் எண்ணெய் ஊற்றிய வெற்று மீன் ரின்னுக்குள் நிற்கின்றன. வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி மூலைமுடுக்கெல்லாம் அடித்தேன், ஏழு நாளுக்கு ஒருக்கா, மூன்று தடவை. மூன்றாவதைச் சோம்பலில் விட்டால் முதலிரண்டும் வீண். நான் ஒருமுறை விட்டேன், அதனால் சொல்கிறேன்.

கோழியின் உடம்பிலேயே வாழ்கிற வெள்ளைப் பேன் வேறு. அதன் முட்டை எச்சத்துவாரத்துக்குப் பக்கத்து இறகடியில் கட்டிகட்டியாக ஒட்டியிருக்கும். அதற்குக் கால்நடை வைத்தியர் சொன்ன பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்துத் தூள் சரியாக வேலை செய்தது. பத்து நாள் கழித்து இன்னொருக்கா போட்டேன். முட்டையை எப்போது சாப்பிடலாம் என்பதை அவரிடமே கேட்டுக்கொண்டேன். லேபிள் இல்லாமல் ஒரு கடையில் வாங்கிய தூள் வெறும் மா, 300 ரூபாய் போனது.

சாம்பல் குளிப்புக்கும் நல்ல மதிப்பெண் கொடுப்பேன், ஆனால் கோடைக்கு மட்டும். மாரியில் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும். அதனால் பழைய ரயரில் நிரப்பித் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். அடை வைத்த வைக்கோலை, குஞ்சு இறங்கிய அன்றே எரித்துவிடுகிறேன்.

இப்போது கிழமைக்கு ஒருநாள் இரவு, குழாயின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன். சிவப்புக் கோடு விழாமல் ஐந்து மாதமாகிறது. கிடுகுக் கூரையை மட்டும் மாற்றவில்லை. தகரம் போட்டால் பங்குனி வெயிலில் கோழி வெந்துபோகும். அந்தக் கிடுகு மடிப்புக்குள் மிச்சம் இருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன், வருகிற மாரியில் தெரியும்.