சௌரஸ்தா மார்க்கெட் மாடிப் புத்தகக் கடையும் ஒரு நைஜீரிய கர்னலும்

பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஜெருக் (ஊறுகாய்) விற்கும் கடைகளைத் தாண்டி மாடி ஏறினால் பழைய புத்தகக் கடைகள். அதில் நான் வழக்கமாகப் போகும் ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இருபத்தொரு வருடம் மலேசிய இராணுவத்தில் இருந்தவன் நான். பட்டாளத்துக்காரர் எழுதிய புத்தகம் எங்கே கிடைத்தாலும் விடமாட்டேன். நைஜீரியாவின் ஜோசப் கார்பா தன் அமைச்சர் காலத்தைப் பற்றி எழுதியது வேண்டும் என்று கடைக்கார பாயிடம் சொல்லி ஏழு மாதம் ஆகிவிட்டது. மறந்திருப்பார் என்றே நினைத்தேன். போன வாரம் என்னைப் பார்த்ததும், "அண்ணே, ஒங்க கர்னல் வந்துட்டாரு" என்று மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

கார்பா 1943-இல் லாங்டாங்கில் பிறந்தவர். ஆட்சித் தலைவர் கோவோனுக்குக் காவல் நின்ற படையின் தளபதி. 1975 ஜூலை 29, கோவோன் கம்பாலாவில் ஆப்பிரிக்கத் தலைவர்களின் மாநாட்டில் இருக்கிறார். அவர் பதவி பறிபோனது என்று வானொலியில் அறிவித்த குரல் இந்தக் கார்பாவுடையது! வயது 32. ரத்தம் சிந்தவில்லை, சரி. ஆனால் நானும் பெரியவர்களுக்குக் காவல் நின்றிருக்கிறேன். அந்த நாளை மட்டும் என் மனசு ஏற்க மாட்டேன் என்கிறது.

அப்புறம் அதே மனிதர் வெளியுறவு அமைச்சர். அந்த நவம்பரிலேயே அங்கோலாவில் விடுதலைக்குப் போராடிய எம்.பி.எல்.ஏ. இயக்கத்தின் அரசை நைஜீரியா அங்கீகரித்தது. பிற்பாடு ஐ.நா.வின் நிறவெறி எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவர், 1989-இல் பொதுச்சபைக்கே தலைவர். நம்ம மலேசியத் தூதர் ரசாலி இஸ்மாயில் 1996-இல் அமர்ந்த அதே நாற்காலி. மண்டேலா சிறையை விட்டு வெளியே நடந்து வந்த அன்று அதில் இருந்தவர் கார்பா. இதைப் படிக்காமல் ஒருத்தரை எடை போடக்கூடாது.

புத்தகத்தில் நாலு பக்கம் கழன்றிருந்ததாம். பாயே கோந்து தடவி, மேலே தடி அகராதி ஒன்றை ஏற்றி இரண்டு நாள் அழுத்தி வைத்திருக்கிறார். ஒட்டின இடம் விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை. விலை 35 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் கேட்கவில்லை. மதியத்தில் கடைக்குள் நல்ல புழுக்கம், காலையிலேயே போய்விடுங்கள். ரொக்கம் கொண்டு போங்கள்.

அடுத்து, கோவோனைப் பற்றி ஏதாவது வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தையும் கேட்க வேண்டுமே.