680 வெள்ளி கொடுத்தும் அதே பழைய பிரேக் பேடு: பைக் சர்வீஸ் விடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்றிரவு வரைக்கும் பைக்கை சர்வீஸ் செய்த அந்த ஆள் போனை எடுப்பான் என்று காத்திருந்தேன். இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 680 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போச்சு. அதுவும் என் காசு இல்லை, என்னை நம்பி வந்த நண்பனுடைய காசு. அதனால்தான் வயிறு இப்படி எரிகிறது.

பைக் அவனுடையது, பல்சர் 200 என்எஸ். ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவன் ஒரு நிலையில் இல்லை. சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் துவாஸில் 12 மணி நேர ஷிப்ட், மிச்ச நேரம் பூரா ஊருக்கு போன். 14 மாதமாக பைக்கைத் திரும்பியே பார்க்கவில்லை. ஓட்டுவான், நிறுத்துவான், அவ்வளவுதான். போன மாதம் வாகனப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தபோதுதான் முழித்துக்கொண்டான். இங்கே மூன்று வயசு தாண்டிய பைக்குக்கு வருஷா வருஷம் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் சாலை வரி கட்ட முடியாது. வரி இல்லாமல் பைக்கை ரோட்டில் இறக்க முடியாது. வடக்கே ஈசூனில் குடியிருந்துகொண்டு காலை ஐந்தரைக்குத் துவாஸில் நிற்க வேண்டியவனுக்கு பைக் இல்லாமல் எப்படி? அந்நேரத்துக்கு எம்ஆர்டி ரயில் கொண்டுபோய்ச் சேர்க்காது.

"மாப்ள, உனக்குத்தான்டா இதெல்லாம் தெரியும், கூட இருந்து பாத்துக் குடு" என்றான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் புளோக் பக்கத்துப் பலமாடி கார் பார்க்கில் உட்கார்ந்தோம். செயின் செம்மண் நிறத்தில் இருந்தது. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தோம், இரண்டு மணி நேரம். ஹேண்டிலில் பிரேக் ஆயில் டப்பாவில் சின்னக் கண்ணாடி இருக்கும், அதில் பார்த்தால் உள்ளே தே ஓ (பால் இல்லாத தேநீர்) மாதிரி கறுத்துக் கிடந்தது. புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். பழசாகிவிட்டால் சூட்டில் கொதித்து, அவசரத்துக்கு லிவரைப் பிடித்தால் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. சக்கரத்துத் தட்டை அழுத்திப் பிடிக்கிற முன் பிரேக் பேடையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தேய்ந்து தகடு தெரிய ஆரம்பித்திருந்தது, ஒரு ஓரம் வேறு முக்கோணமாகச் சிதறியிருந்தது. அவனுக்குக் காட்ட ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

பிரேக், ஆயில், ஸ்பார்க் பிளக், பின் டயர் எல்லாம் கார் பார்க்கில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. பழைய சாமான் வாங்கி விற்கிற ஒரு செயலியில் தேடினேன். "ஃபுல் சர்வீஸ், பரிசோதனைக்கு ரெடி செய்து தரப்படும்" என்று ஒருவன் போட்டிருந்தான், 760 வெள்ளி. நட்சத்திரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவன் என் பேரைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தான். "நம்மாளா? முன்னாடியே சொல்லக்கூடாதாண்ணே! உங்களுக்கு 680ல முடிச்சுத் தர்றேன்." ஆயில், ஃபில்டர், பிளக், முன்னாடி பின்னாடி பிரேக் பேடு, பிரேக் ஆயில், கூலண்ட், பின் டயர். எல்லாம் சேர்த்துத்தான் என்றான். முன்பணம் 200 வெள்ளியை, போன் நம்பரை வைத்தே வங்கியில் பணம் அனுப்புகிற பேநவ்வில் போடச் சொன்னான், அவன் கைத்தொலைபேசி நம்பருக்கு. "ஆப்ல கட்டினா அவன் கமிஷன் புடிச்சுக்குவான்ணே, நமக்குள்ள எதுக்கு." போட்டுவிட்டேன். அங்கேதான் முதல் தப்பு.

வண்டியை எடுக்கப் போன வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால்தான் இன்னும் கொதிக்கிறது. தொழிற்பேட்டைக் கட்டடத்தில் கீழ்த்தளம், ஷட்டருக்கு மேலே முருகன் படம், அன்றைக்குப் போட்ட மல்லிகைச் சரம். எங்களுக்கு ஸ்டூல் போட்டான். பையனை அனுப்பி இரண்டு தே வாங்கி வரச் சொன்னான். அப்புறம் கிரீஸ் துணி ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் மெதுவாகப் பிரித்தான். உள்ளே ஒரு பிரேக் பேடு, மருந்துக்குக்கூட மேல் பூச்சு இல்லை, வெறும் இரும்பு. "இதோடவா ஓட்டுனீங்க? உயிரு போயிருக்கும்ணே. முருகன்தான் காப்பாத்துனான்." என் நண்பன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, கண் கலங்கிவிட்டது. அப்பாவை நினைத்திருப்பான். நான் அதையும் படம் எடுத்தேன். எடுத்துவிட்டு இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மிச்சம் 480 வெள்ளியைக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்குத் துண்டுத் தாளில் "சர்வீஸ் 680" என்று எழுதிக் கொடுத்து, விவரமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். கடைப் பேர் இல்லை, முத்திரை இல்லை. உயிரைக் காப்பாற்றியவனிடம் யார் முத்திரை கேட்பார்கள்?

திங்கட்கிழமை விடிகாலை மழை. செலேத்தார் விரைவுச்சாலையில் முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைக்க, என் நண்பன் பிரேக்கைப் பிடித்தால் கிறீச்சென்று இரும்பு சத்தம், லிவர் ஹேண்டிலை ஒட்டி வந்துவிட்டது. ஓரத்துத் தடத்துக்கு இழுத்துப் போனதால் தப்பித்தான். வேலைக்குப் போய்ச் சேர்ந்து எனக்கு போன் செய்தபோது குரலே வரவில்லை.

மறுநாள் எங்கள் வட்டாரத்தில் இருக்கிற சீனப் பெரியவர் ஒருவரின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பேடைப் பிடித்திருக்கிற முன் காலிப்பரைக் கழற்றி பேடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முக்கோணமாகச் சிதறிய அதே ஓரம். ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அதேதான். அப்படியானால் துணியில் சுற்றிக் காட்டினானே, அது? அந்தப் படத்தையும் காட்டினேன். பெரியவர் ஒரு பார்வைதான் பார்த்தார். அது ஸ்கூட்டர் பேடாம், இந்த காலிப்பரில் உட்காரவே உட்காராதாம். எவனுடைய குப்பையையோ எடுத்து எங்களிடம் காட்டி, முருகன் பேரையும் சொல்லி, 680 வெள்ளி வாங்கியிருக்கிறான்.

மற்றதையும் பார்த்தோம். பிரேக் ஆயில் அதே தே ஓ. இந்த எஞ்சினில் பிளக் மூன்று. கைக்கு எட்டியது ஒன்று மட்டும் புதுசு, மற்ற இரண்டும் கரி பிடித்த பழசு. பின் டயர் பார்வைக்குப் பளபளவென்று இருந்தது, பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் 1217. அந்த நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2017இல் 12ஆம் வாரம் செய்த டயர், ரப்பர் கட்டை மாதிரி இறுகிப்போனது, அதைப் புதுசு என்று மாட்டியிருக்கிறான். எஞ்சின் ஆயிலை மாற்றியிருக்கிறான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. செவ்வாய் மத்தியானம்: "பசங்க மறந்திருப்பாங்கண்ணே, கொண்டு வாங்க பாத்துத் தர்றேன்." படங்களை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம்: "மெக்கானிக் ஜோகூர் போயிட்டான், வியாழக்கிழமைதான் வருவான்." வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். முருகன் படம் இருந்தது, அவன் இல்லை. வேறு ஒருவர் வந்து, அந்த ஆள் இங்கே ஓரமாக இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறான், எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்றார். வெளியே நின்று போன் போட்டேன். இப்போது அண்ணே போய்விட்டது. "நீங்களே பழைய பேடை மாட்டிட்டு வந்து எங்கிட்ட காசு புடுங்கப் பாக்குறீங்களா?" என்று கேட்டான். தே வாங்கிக் கொடுத்தவன் கேட்கிற கேள்வியா இது?

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, ஆகவே நாங்கள் தலையிட முடியாது என்று மூன்று வரி வந்தது. திரும்ப எழுதினேன், அதே மூன்று வரி திரும்ப வந்தது.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இந்தத் தொகைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான். ஆனால் யார் பேரில் போடுவது? பேநவ்வில் போட்டது ஒரு போன் நம்பருக்கு. துண்டுத் தாளில் பேரே இல்லை. அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

பைக் பராமரிப்பு பற்றி விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டினால் கடையின் யூஇஎன் நம்பருக்கு (கடையின் பதிவு எண்) கட்டுங்கள், தனி ஆள் போன் நம்பருக்குப் போடாதீர்கள். வண்டியை விடும் முன் பேடு, டயர், பிரேக் ஆயில் டப்பா எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள். பழைய சாமானைத் துணியில் சுற்றிக் காட்டினால் நம்பாதீர்கள், உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். டயரில் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். ரசீதில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக இருக்க வேண்டும். தமிழில் பேசினான் என்பதற்காக மட்டும் காசை நீட்டாதீர்கள்.

பெரியவர் பேடும் பிரேக் ஆயிலும் இரண்டு பிளக்கும் போட 165 வெள்ளி வாங்கினார், நின்று பார்க்கச் சொல்லிச் செய்து கொடுத்தார். டயர் இன்னும் பாக்கி. பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை. அவன் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருக்கிறான், கடை ஏழு மணிக்கு மூடிவிடும், கிளம்புகிறேன்.