சங்கக் கூட்டத்துக்குச் செயலியா, சைகை மொழிபெயர்ப்பாளரா?

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. காது கேளாதோருக்காக ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி உள்ள ஊர் இது. சைகையில் பேசிக்கொள்பவர்களைக் கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இருந்தும், சங்கக் கூட்டத்தில் அந்த அண்ணனுக்கும் மதினிக்கும் என்ன ஏற்பாடு என்று செயலாளரான நான் யோசிக்கப் பல வருடம் ஆனது.

அதுவரை அவர்கள் மகள்தான் நடுவில் உட்கார்ந்து சொல்லிவந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. ஒருநாள் பராமரிப்புத் தொகை பாக்கி வைத்தவர்களின் பட்டியலை வாசித்தோம். அவர்கள் வீட்டு எண்ணும் அதில் இருந்தது. அவள் கைகள் மடியிலேயே நின்றுவிட்டன. மதினி அவள் தோளைத் தொட்டுத் தொட்டு என்னவென்று கேட்கிறார், பிள்ளை தலை நிமிரவில்லை. அன்றோடு அந்த வழக்கத்தை நிறுத்தினோம். தாளில் எழுதிக் காட்டுவதையும் விட்டுவிட்டோம். பத்து நிமிட வாக்குவாதம் அதில் ஒரே வரியாகிவிடும்.

முதலில் எடுத்தது செயலி. பேச்சை அப்படியே எழுத்தாக்கும் இலவசச் செயலியைப் போனில் போட்டு, ஹாலில் இருந்த டிவியில் காட்டினோம். செலவு இல்லை. மைக்கில் ஒருவர் நிதானமாகப் பேசினால் நன்றாகவே வந்தது. ஆனால் தண்ணீர் லாரி கணக்கு என்றால் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் பேசுகிறார் என்று திரை சொல்லாது. ‘சம்ப் கழுவணும்’ என்பது ‘சம்பளம்’ என்று வந்தது. அதை ஒருவர் சரிசெய்து சொல்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தது.

பிழைகள் குறைந்தாலும் ஒரு சிக்கல் அப்படியே இருக்கும். இந்திய சைகை மொழி என்பது தமிழைக் கையால் காட்டுவது இல்லை, அதற்கென்று இலக்கணம் உண்டு. ‘எங்கே போகிறாய்’ என்பதில் ‘எங்கே’ கடைசியில் வரும். இல்லை என்பதைத் தலையசைவு சொல்லும். புருவமும் உதடும்கூட இலக்கணம்தான். அண்ணனுக்கு அதுதான் தாய்மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. வேகமாக ஓடும் தமிழ் வரிகளை ஒன்றரை மணி நேரம் துரத்திப் படிப்பது யாருக்கும் லேசான வேலை அல்ல.

அதைவிட முக்கியம், செயலி ஒருவழிப் பாதை. நாம் பேசுவது அவருக்குப் போகிறது. அவர் சொல்ல நினைப்பது நமக்கு வர வழியில்லை. ஒரு வருடம் செயலியை வைத்தே நடத்தினோம். அந்த வருடம் முழுக்க அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவருக்குக் குறை ஒன்றும் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம்தான் மொழிபெயர்ப்பாளரை நேரில் வரவழைத்தோம். கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, இருவரோடும் உட்கார்ந்து சம்ப், லிஃப்ட், ஒவ்வொரு பிளாக்குக்கும் எந்தச் சைகை என்று பேசி வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போடச் சொன்னார். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் தெரியாதாம். கூட்டம் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும், அண்ணன் கை தூக்கினார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் அலாரம் அடிக்கலாம், வாட்ச்மேன் ஸ்பீக்கரில் பதில் சொல்வார். எங்களுக்கு அது கேட்காதே, யாராவது வருகிறார்களா என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஹாலில் யாரிடமும் பதில் இல்லை.

இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மொழிபெயர்ப்பாளர் பக்கம். போக்குவரத்தும் சேர்த்து அவருக்குக் கொடுத்தது 3,000 ரூபாய், வீட்டுக்கு 75. தேதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், திடீர்க் கூட்டத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அரை மணிக்கு ஒருமுறை அவருக்கு இடைவேளை தேவை. நாள் முழுக்க நடக்கும் நிகழ்ச்சி என்றால் இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டும்.

வீடியோ காலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி காணொளி வழியாக ஆஜரானபோது, மொழிபெயர்ப்பாளரும் திரையில்தான் இருந்தார். ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசும் இடத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். நாங்கள் ஒரே ஒருமுறை அவசரக் கூட்டத்துக்குப் பயன்படுத்தினோம். பின்வரிசையில் பேசியது மொழிபெயர்ப்பாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மைக்கைக் கைமாற்றிக் கைமாற்றிப் பேசியிருந்தால் சரியாக வந்திருக்கலாம். ஒருமுறை பார்த்ததை வைத்து அதைத் தள்ளிவிட மாட்டேன்.

செயலியையும் தூக்கிப் போடவில்லை. வயதான பின் காது மந்தமான பெரியவர்கள் எங்களில் மூன்று பேர். அவர்களுக்குச் சைகை தெரியாது, தமிழ் நன்றாகப் படிப்பார்கள். டிவி அவர்களுக்காக இப்போதும் ஓடுகிறது.

லிஃப்ட்டுக்குள் ஒரு விளக்கு பொருத்தியிருக்கிறோம். வாட்ச்மேன் கீழே பொத்தானை அழுத்தினால் அது பச்சையாக எரியும், ஆள் வருகிறார் என்று அர்த்தம். தீ அலாரத்துக்கும் விளக்கு வேண்டும் என்று மதினி சொல்லியிருக்கிறார். அதற்கு எலக்ட்ரீஷியன் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்.