இன்று காலை பிடித்த சிங்கி இறால்: பிளாயா டெல் கார்மென் போகிறவர்களுக்கு

ஐந்து பேர் ஒரு வேளை சாப்பிட்டதற்கு 411 டாலர் 65 சென்ட். ஹோட்டல் அறைக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றிவிட்டு, வங்கியிலிருந்து கைபேசிக்கு வந்திருந்த செய்தியைப் பார்த்தபோதுதான் அந்தத் தொகையை ஒழுங்காகப் படித்தேன். "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல, வெயில்" என்றேன். அப்போது இரவு பத்து மணி.

நடந்தது 2025 மே கடைசியில். நாங்கள் டாலஸில் இருக்கிறோம். தூத்துக்குடியிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். நீண்ட வார இறுதி, கடல் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. அதனால் கான்குனுக்கு டிக்கெட் போட்டு, அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் பிளாயா டெல் கார்மெனில் நான்கு இரவு அறை எடுத்தேன்.

கான்குன் விமான நிலையத்தில் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வரும் வழியில் ஒரு கூடம் உண்டு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை, மேசைக்குப் பின்னால் வரைபடம் என்று அரசாங்க ஆட்கள் போலவே நிற்பார்கள். "உங்கள் வண்டி எது, பெயர் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்து, இலவசக் காலை உணவு, பாதி விலையில் சுற்றுலா என்று போய், டைம்ஷேர், அதாவது வருடத்தில் சில நாள் விடுதியில் தங்கும் உரிமையை விற்கும் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். 90 நிமிடம் என்று சொல்லி அரை நாளைத் தின்றுவிடுவார்கள். யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படித்தால், 5 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய மெக்சிகோ சட்டத்தில் இடம் இருக்கிறது, உடனே செய்யுங்கள். நான் இதைப் பற்றி நிறையப் படித்துவிட்டுப் போனதால் யார் முகத்தையும் பார்க்காமல் நேராக நடந்து ஏடிஓ என்ற நிறுவனத்தின் பேருந்தில் ஏறிவிட்டோம். நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்ற தெம்பு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

அன்று மாலை கிந்தா அவெனிதாவில் நடக்கப் போனோம். ஐந்தாவது அவென்யூ என்று அர்த்தம். கடலுக்கு இணையாக வண்டி போகாத நீண்ட கடைத்தெரு. பத்தடிக்கு ஒருவர் மெனு அட்டையை நீட்டிக்கொண்டு "அமிகோ, அமிகோ" என்று கூப்பிடுவார். நாங்கள் போன கடையின் வாசலில் பனிக்கட்டி நிரப்பிய தட்டில் மீனும் சிங்கி இறாலும் அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சாக்பீஸில் எழுதிய பலகை: லங்கோஸ்தா, அதாவது சிங்கி இறால், ஒரு டாலர் குறி, 249. மெக்சிகோவில் பெசோவுக்கும் அதே குறிதான், அது எனக்குத் தெரியும். 249 பெசோ என்றால் 13 டாலர். சிங்கி இறால் 13 டாலருக்கா என்று நான் மனதுக்குள் துள்ளிக்கொண்டிருந்தபோது அப்பா தட்டின் மேல் குனிந்திருந்தார்.

"கண்ணு சரியில்லையேலே. இது இன்னைக்குப் பிடிச்சது மாதிரி தெரியலியே."

பணியாளர் நல்ல ஆங்கிலத்தில், "இன்று காலை பிடித்தது, சார். என் மச்சானின் படகு" என்றார். நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அப்பா விடவில்லை. "மே மாசமாச்சே, இங்கன தடைக்காலம் கிடையாதோ?" எங்கள் ஊர்ப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அது வேறு கடல், இது வேறு கடல் என்று சொல்லி அப்பாவை உள்ளே அழைத்துப் போனேன். அந்த ஒரு கேள்வியை மொழிபெயர்த்துக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

மேசையில் உட்கார்ந்ததும் சோளச் சிப்ஸ் வந்தது. குவாகமோலே என்கிற வெண்ணெய்ப்பழத் துவையலைக் கண்ணெதிரே இடித்துத் தருகிறேன் என்றார்கள், சரி என்றோம். அம்மா வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார், அதனால் பீன்ஸ் வைத்த புரிட்டோ. சைவம்தானே என்று இரண்டு தடவை கேட்டேன். "நூறு சதவீதம்" என்றார். எங்களுக்கு ஒரு சிங்கி இறால், ஒரு போக்கினேத்தே மீன். போக்கினேத்தே அந்தக் கரையில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் மீன், பொரித்தால் அருமையாக இருக்கும். மீன் நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இறால் ரப்பர்.

இனி கணக்கு. பலகையில் 249-க்குக் கீழே பொடி எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருந்ததாம். மறுநாள் போய்ப் பார்த்தேன், இருந்தது, பனிக்கட்டித் தட்டின் விளிம்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் இறால் 1,100 கிராம் என்று பில்லில் எழுதியிருந்தார்கள். தராசை நாங்கள் பார்க்கவே இல்லை. ஆக 2,739 பெசோ. மீன் 900 கிராம், 990 பெசோ. குவாகமோலே 280, அம்மாவின் புரிட்டோ 210, ஐந்து எலுமிச்சைச் சாறு 450. மொத்தம் 4,669. அதன் அடியில் 15 சதவீதம் ப்ரோபினா, அதாவது டிப்ஸ், 700 பெசோ 35 சென்டாவோ. இது வரைக்கும் என் முட்டாள்தனம் பாதி, அவர்கள் சாமர்த்தியம் பாதி என்று விட்டுவிடலாம்.

அடுத்ததுதான் எரிச்சல். பணியாளர் கார்டு மெஷினைக் கொண்டு வந்தபோதே திரையில் டாலர் தொகை இருந்தது. பெசோவா டாலரா என்று என்னிடம் கேட்க வேண்டிய கட்டத்தை அவரே அழுத்திக் கடந்துவிட்டார். 5,369 பெசோவை டாலருக்கு 15 என்று மாற்றி 358 டாலர் ஆக்கியிருந்தார்கள். அந்த வாரம் டாலருக்கு 19 பெசோவுக்கு மேல் கிடைத்தது. என் வங்கியின் மாற்று விலையில் போயிருந்தால் 280 டாலர் பக்கம் முடிந்திருக்கும். அதற்கப்புறம் மெஷின் டிப்ஸுக்காக 15, 18, 20 சதவீதம் என்று மூன்று பொத்தானைக் காட்டியது. ஏற்கெனவே டிப்ஸ் சேர்த்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல், கஞ்சத்தனம் காட்ட வேண்டாம் என்று 15-ஐ அழுத்தினேன். டிப்ஸுக்கு டிப்ஸ்.

மெக்சிகோவில் ப்ரோபினா கட்டாயம் இல்லை. பில்லில் சேர்த்து வாங்குவது தப்பு என்று அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரோஃபேகோ திரும்பத் திரும்பச் சொல்கிறது. வழக்கத்தில் 10 முதல் 15 சதவீதம் கொடுப்பார்கள், அதைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்கள் சம்பளம் குறைவு. ஆனால் கொடுப்பது நானாக இருக்க வேண்டும். மறுநாள் காலை ரசீதுடன் போனபோது மேலாளர் "கையெழுத்து உங்களுடையதுதானே" என்றார். வங்கியும் பிறகு அதையே சொன்னது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தத் தெருவில் அப்படி ஒன்று மட்டும் இருந்தால் எழுதியிருப்பேன்.

கடற்கரையும் படத்தில் பார்த்தது போல இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் கரை முழுக்கப் பழுப்பு நிறத்தில் கடற்பாசிக் குவியல், அழுகிய முட்டை நாற்றம். சர்காசோ என்கிறார்கள். 2011-லிருந்து கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்குகிறது. ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதன் காலம். ஹோட்டல்காரர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பதிலுக்கு, "எங்கள் பங்காளி பீச் கிளப்பில் சுத்தமாக இருக்கும்" என்று ஆளுக்கு 600 பெசோ குறைந்தபட்சச் செலவு என்ற இடத்துக்கு அனுப்பினார். அங்கும் அதே பாசிதான், மேலே நாற்காலி போட்டிருந்தார்கள். மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. வழியை மறிப்பவர்களுக்கு அபராதம் என்று 2020-ல் சட்டத்தையும் திருத்திவிட்டார்கள். நாற்காலிக்கும் குடைக்கும் காசு கேட்கலாம், மணலில் துண்டு விரித்து உட்காருவதற்குக் கேட்க முடியாது. மே, ஜூனில் போகத்தான் வேண்டும் என்றால் படகேறி கோசுமெல் தீவின் மேற்குக் கரைக்குப் போங்கள், பாசி பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை. இல்லாவிட்டால் சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான செனோத்தே நன்னீர்க் குளங்கள் இருக்கின்றன. என் மகள் அங்கிருந்து ஏறவே மாட்டேன் என்றாள்.

சரி, எங்கே சாப்பிடலாம் என்பதற்கு வருகிறேன். அந்த ஊரின் அவென்யூக்களுக்கு ஐந்து ஐந்தாக எண் போட்டிருக்கிறார்கள்: 5, 10, 15, 20 என்று கடலிலிருந்து உள்ளே போகப் போக ஏறும். எண் ஏற ஏற விலை இறங்கும். இரண்டாம் நாள் மதியம் கோபத்தில் நடந்து நடந்து 30-ஆவது அவென்யூவைத் தாண்டிவிட்டோம். அங்கே நான்கு பிளாஸ்டிக் மேசை போட்ட ஒரு லோன்செரியா, சின்னச் சாப்பாட்டுக் கடை. வாசலில் யாரும் கூப்பிடவில்லை. கொமிதா கொரீதா என்று ஒரு பலகை, அதில் ஒரே ஒரு விலை, 120 பெசோ. நம் ஊர் அளவுச் சாப்பாடு போலத்தான்: முதலில் சூப், அப்புறம் சாதம், பீன்ஸ், ஒரு குழம்பு, சுடச்சுடத் தொர்த்தியா ரொட்டி, ஒரு ஜாடி செம்பருத்திச் சாறு. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊர்க்காரர்கள் வந்து உட்காரும் நேரம் அது.

கடைக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என் மகள் பள்ளியில் படிக்கும் ஸ்பானிஷில் பேசினாள். முந்தைய நாள் கதையை அவள் சொல்லச் சொல்ல அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லங்கோஸ்தாவுக்கு மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை வேதா என்றார். தடைக்காலம். இந்தக் கரையில் அந்த நான்கு மாதமும் பிடிக்கக் கூடாது. முன்பே பிடித்து உறைய வைத்ததைத்தான் விற்பார்கள், காலையில் பிடித்தது என்று சொன்னால் ஒன்று பொய், இல்லை குற்றம். மேரோ மீனுக்கும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் அப்படித்தானாம். மகள் மொழிபெயர்த்து முடித்ததும் நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. பிசைந்து வறுத்த பீன்ஸில் மந்தேகா, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ப்பதுதான் பல இடங்களில் வழக்கம். இறைச்சித் துண்டு இல்லையென்றால் சைவம் என்று சொல்லிவிடுவார்கள். "சின் கார்னே", இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் போதாது, "சின் மந்தேகா" என்று கேட்க வேண்டும். அம்மாவின் வெள்ளிக்கிழமை என்ன ஆனது என்று நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சைவக்காரர்கள் பூசணிப் பூ வைத்த கேசடியா, நோப்பால் என்கிற கள்ளி மடல், அவித்த சோளம் இவற்றைக் கேட்கலாம். அந்தக் கள்ளி நம் வெண்டைக்காய் போல வழவழப்பாக இருக்கும், அம்மாவுக்குப் பிடித்தது.

மற்றவர்களுக்கு: யுகத்தான் பகுதியின் கோச்சினீத்தா பிபில், ஆரஞ்சுப் புளிப்பில் ஊறி வாழையிலையில் வெந்த பன்றி இறைச்சி, காலை உணவு. நல்ல கடையில் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அல் பாஸ்தோர் தாக்கோ ராத்திரியில். செங்குத்துக் கம்பியில் சுற்றும் இறைச்சியையும் அதன் உச்சியில் அன்னாசிப்பழத்தையும் தேடிப் போங்கள், லெபனானிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் பேரப்பிள்ளை அது. மாலையில் பூங்காப் பக்கம் தள்ளுவண்டியில் மர்கெசீத்தா, மொறுமொறு அப்பளம் போலச் சுட்டு உள்ளே டச்சுப் பாலாடைக்கட்டியைத் துருவிச் சுருட்டித் தருவார்கள். மேசையில் இருக்கும் அபானேரோ மிளகாய்ச் சட்னியை மட்டும் நம் ஊர்க் காரம் தெரிந்த தைரியத்தில் தொடாதீர்கள். அந்த ஊரில் சொன்னதைவிட அதிகமாகவே கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

கையில் பெசோ வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் தனியாக நிற்கும் பண மெஷின்கள் வேண்டாம், வங்கிக் கிளைக்குள் இருப்பதில் எடுங்கள். அங்கேயும் "மாற்று விலையை ஏற்கிறீர்களா" என்று திரை கேட்கும். மறுத்துவிடுங்கள், பணம் வரும், உங்கள் வங்கியின் விலையில் வரும். டாக்ஸியில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் தொகையைப் பேசி, பெசோவா டாலரா என்பதையும் வாயால் சொல்ல வையுங்கள். மாயா காலத்து இடிபாடுகளைப் பார்க்கத் துலும் போவதற்கு இரண்டாவது தெருவிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கொலெக்திவோ வேன் போதும், நம் ஷேர் ஆட்டோ மாதிரி, நிரம்பியதும் எடுப்பான். இறங்கியதும் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு "டிக்கெட் இங்கேதான்" என்று மறிப்பவர்களைத் தாண்டி நடங்கள். உண்மையான கவுண்டர் இன்னும் உள்ளே தள்ளி இருக்கும்.

டாலஸ் திரும்பி ஒரு மாதம் அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூலை முதல் தேதி காலை, காபியை ஆற்றிக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்தார்.

"தடைக்காலம் முடிஞ்சிட்டுலே. இப்பப் போன் போட்டு அந்த மச்சான் படகு கெளம்பிட்டானு கேளு."