கராரா சலவைக்கல் மலைகளில் ஐந்து நாள்: ஒரு மிதிவண்டி வாடகைச் சேவையைப் பற்றி

மும்பையில் மிதிவண்டியில் மலையேறப் பழகியவர்கள் பலருக்கும் கொப்போலியிலிருந்து லோனாவாலாவுக்கு ஏறும் பழைய சாலைதான் முதல் பள்ளிக்கூடம். சயனில் வசிக்கும் நானும் செம்பூரில் வசிக்கும் அண்ணாச்சி ஒருவரும் ஆறு ஆண்டுகளாக அந்தச் சாலையில் ஏறி இறங்கிப் பழகியவர்கள். கடந்த மே மாதம் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், கராரா நகருக்குப் பின்னால் எழும் அபுவானே மலைகளில் நாங்கள் இருவரும் ஐந்து நாள் ஓட்டிவிட்டுத் திரும்பினோம். அங்குள்ள கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கும் வாடகை நிலையம், மிதிவண்டி, வழித்தடங்கள் ஏற்றிய ஜிபிஎஸ் கருவி, அவசரத் தேவைக்குத் தொலைபேசி உதவி ஆகிய மூன்றையும் சேர்த்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 யூரோவுக்குத் தந்தது. அந்தக் கடற்கரையில் இத்தகைய நிலையங்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நிலப்பரப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். பீசா விமான நிலையத்திலிருந்து ரயிலில் வடக்கே வரும்போது இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் மலையும் நெருங்கி வருகின்றன. மலையின் மேற்பகுதியில் தெரியும் வெண்மையைப் பனி என்றே முதலில் எண்ணினோம். அது பனியன்று, வெட்டப்பட்ட சலவைக்கல்லும் அதன் உடைகற்கள் சரிந்து கிடக்கும் சரிவுகளும்தான் என்பது ஊரை நெருங்கிய பிறகே புரிந்தது. உரோமானியர்கள் இங்கு வெட்டிய கல்லை லூனி துறைமுகம் வழியாகக் கப்பலேற்றினார்கள். இன்று கராராவின் கடற்கரைப் பகுதியான மரீனா தி கராராவிலிருந்து கல் கப்பலேறுகிறது. நகருக்கு மேலே தொரானோ, ஃபான்டிஸ்கிரிட்டி, கொலொன்னாத்தா என்று மூன்று குவாரிப் பள்ளத்தாக்குகள் பிரிகின்றன. கடல்மட்டத்திலிருந்து புறப்பட்டு ஒரே காலைப்பொழுதில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடக்கூடிய இடம் இது.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு, எந்த வழித்தடத்தை எந்த நாளில் ஓட்ட வேண்டும் என்று அவர்கள் வகுத்துத் தந்த முறையில் இருக்கிறது. வரைபடம் எவரிடமும் கிடைக்கும். குவாரிச் சாலைகளை ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருந்தார்கள். அன்று குவாரிகள் பெரும்பாலும் இயங்குவதில்லை என்பதோடு, 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் ஞாயிறு பகலில் ஊர்களுக்கு வெளியேயுள்ள சாலைகளில் ஓட இத்தாலியில் தடையும் இருக்கிறது. நகருக்குள் லாரிகள் புகாமல் துறைமுகத்துக்குச் செல்லவென்றே 2012-இல் தனிச் சாலை ஒன்று திறக்கப்பட்டிருந்தாலும், அதற்கு மேலே பள்ளத்தாக்குகளுக்குள் வார நாள்களில் லாரிகளோடுதான் சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நவி மும்பையில் பார்சிக் குன்றை ஒட்டிய குவாரிப் பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமையை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. மறுநாளே கொலொன்னாத்தா போக வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டபோது, நிலையத்தில் இருந்த பெண்மணி ஞாயிறுவரை பொறுக்கச் சொல்லி உறுதியாக மறுத்துவிட்டார். வாடிக்கையாளரின் விருப்பத்துக்குத் தலையாட்டிவிடாத அந்த உறுதிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கொலொன்னாத்தா, கராராவிலிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவில், 500 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் இருக்கும் சிற்றூர். லோனாவாலா ஏறியவருக்கு உயரம் புதிதன்று, ஆனால் காட்சி முற்றிலும் புதிது. சாலைக்கு இருபுறமும் மலை படிப்படியாக, கூர்மையான விளிம்புகளோடு அறுக்கப்பட்டு நிற்கிறது. வைரமணிகள் கோத்த கம்பியால் அறுத்த பரப்புகள் காலை வெயிலில் கண்ணைக் கூசச் செய்கின்றன. அவற்றுக்குக் கீழே உடைகற்களின் வெண்சரிவு சாலையோரம் வரை இறங்கியிருக்கிறது. இந்தச் சரிவுகளில்தான் முற்காலத்தில் பல டன் எடையுள்ள பாளங்களை மரச்சட்டங்களின் மேல் கட்டி, சோப்பு பூசிய கட்டைகளை முன்னால் இட்டு, கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி மனிதர்கள் கீழே இறக்கினார்கள். கயிறு அறுந்தால் முன்னால் நிற்பவர்களுக்குத் தப்ப வழியில்லை. அந்தச் செங்குத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, நம் வீடுகளில் இத்தாலியன் மார்பிள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தரையின் மேல் எனக்கு வேறொரு மரியாதை வந்திருக்கிறது.

சாலையைப் பற்றி ஒன்றை நிலையத்தார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள், அது மிகச் சரியாக இருந்தது. குவாரி வாயில்களுக்கு முன்னால் கல்மாவும் தண்ணீரும் கலந்த வெள்ளைச் சேறு தார்ச்சாலையில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது அது தோசைமாவு சிந்திய தரைபோல வழுக்கும், எனவே அங்கே வண்டியைச் சாய்க்கவோ முன்பிரேக்கை அழுத்தவோ கூடாது. காய்ந்தபின் வண்டிச் சட்டத்திலும் சங்கிலியிலும் வெண்பொடியாக ஒட்டிக்கொள்கிறது. மேலே நிறுத்தியதும் அதை விரலால் தேய்த்துப் பார்த்த அண்ணாச்சி, “தம்பி, இது நம்ம வாசல் கோலமாவுல்லா!” என்றார். திருநெல்வேலிப் பக்கம் கல்மாவில் கோலமிடும் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த மாவின் நெருநெருப்பு விரல்நுனியிலேயே தெரிந்துவிட்டது. இதே சேறுதான் பாறை இடுக்குகள் வழியே இறங்கி இம்மலைகளின் ஊற்றுகளைக் கலங்கடிக்கிறது என்பது இங்குள்ளோர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வருத்தம். அழகைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் அறிந்து போவது நல்லது.

ஊரின் உணவு லார்தோ எனப்படும் பன்றிக்கொழுப்பு. பூண்டு தேய்த்த சலவைக்கல் தொட்டிகளில் உப்பு, மிளகு, ரோஸ்மேரி ஆகியவற்றோடு அடுக்கி ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஊறவைக்கிறார்கள். குவாரித் தொழிலாளர்களின் கட்டுச்சோறாக இருந்த இதற்கு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடான ரொட்டியின் மேல் கண்ணாடிபோல் மெல்லிய துண்டாக வைத்துத் தந்தார்கள். ஏறிவந்த பசிக்கு அதைவிட ஏற்றது வேறில்லை.

இறங்கும்போது கருவி எங்களை வாரா பாலங்களுக்கு அழைத்துச் சென்றது. சலவைக்கல் ஏற்றிச்செல்லவென்றே 19-ஆம் நூற்றாண்டில் இட்ட ரயில்பாதையின் பாலங்கள் இவை. 1964-இல் ரயில் நின்றபின் அந்தப் பாதை சாலையாகிவிட்டது. வளைவுகளின் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் குவாரியும் மறுபக்கம் கடலும் தெரியும்.

திங்கட்கிழமை காம்போசெச்சினா. கராராவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இடைவிடாத ஏற்றம், முடிவில் உயரம் 1,300 மீட்டரை நெருங்குகிறது. சாலை குவாரிப் பள்ளத்தாக்கை விட்டு விலகிக் காஸ்டெல்போஜ்ஜோ வழியாக மரநிழலில் ஏறுவதால் வார நாளிலும் லாரித் தொல்லை இல்லை. உச்சியில் தொரானோ குவாரிகளை மேலிருந்து பார்க்கலாம். சத்தம் கேட்கும் முன்பே இயந்திரம் அசைவது தெரியும், அவ்வளவு ஆழம். முன்பக்கப் பற்சக்கரங்களில் 50, 34 பற்களும், பின்பக்கப் பற்சக்கரங்களில் 11 முதல் 34 பற்கள் வரையும் கொண்ட வண்டிகளைத் தந்திருந்தார்கள். எங்களைப் போல் கடல்மட்ட நகரத்திலிருந்து வருவோர், பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் 34 பற்களுக்குக் குறைந்த வண்டியை வாங்கவே கூடாது.

குறை நேர்ந்தது புதன்கிழமை. மாஸ்ஸாவிலிருந்து ஆன்டோனா வழியாக வெஸ்தீட்டோ கணவாய்க்கு ஏறி, ஆர்னி ஊரைத் தொட்டு, செராவெட்சாவுக்கு இறங்கிக் கடற்கரை வழியே திரும்பும் வட்டம் அது. ஐந்து நாள்களில் மிக அழகான வழித்தடமும் அதுவே. ஆனால் ஆர்னியிலிருந்து இறங்கும் சாலை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சிப்பொல்லாயோ சுரங்கப்பாதை வழியாகத்தான் போகிறது. வெளியே உச்சிவெயில், உள்ளே கும்மிருட்டு, மேலிருந்து சொட்டும் நீர். நிலையம் தந்த குறிப்பேட்டில் சுரங்கப்பாதை என்ற சொல்லே இல்லை. என் வண்டியின் பின்விளக்கு நடுவழியில் அணைந்துவிட்டது. “தம்பி, லாரி வருது, ஓரமா நில்லு, நான் பின்னால வாரேன்” என்று சொல்லி அண்ணாச்சி தம் வண்டியை என் பின்னே கொண்டுவந்து, தம் விளக்கை எனக்குக் காவலாக்கினார். கல் ஏற்றிய லாரி வேகத்தைக் குறைத்து எங்களை விலகிக் கடந்து சென்றது. வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் என் கைகள் நடுங்குவதைக் கண்டேன்.

அன்று மாலை நிலையத்தில் முறையிட்டோம். முந்தைய வாடிக்கையாளர் திருப்பித் தந்த விளக்கை மின்னேற்றம் செய்யாமலே மாட்டிவிட்டதை ஒப்புக்கொண்டு, அன்றைய கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தந்தார்கள். பணம் வந்தது சரிதான். ஆனால் நாள்களை அத்தனை அக்கறையோடு வகுத்தவர்கள் ஓர் எச்சரிக்கை வரியை எழுதாமல் விட்டதை என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை. முன், பின் விளக்குகளை நம் ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். எந்த நிலையமானாலும், வழியில் எத்தனை சுரங்கப்பாதைகள், எவ்வளவு நீளம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செராவெட்சாவில் தண்ணீர் நிரப்ப நின்ற இடத்திலிருந்து அல்திஸ்ஸிமோ மலை தெரிந்தது. ஃபுளோரன்ஸின் சான் லோரென்சோ தேவாலய முகப்புக்காகப் பத்தாம் லியோ போப்பின் ஆணைப்படி மைக்கேலாஞ்சலோ 1518-இல் இந்தப் பக்கம்தான் குவாரி திறக்கவும் சாலை போடவும் வந்தார். இரண்டே ஆண்டில் அந்த ஒப்பந்தம் ரத்தாயிற்று, முகப்பு இன்றுவரை கட்டப்படவில்லை. அவர் பெயரைச் சொல்லும் குவாரிகளைவிட, கைகூடாத வேலைக்காக அவர் அலைந்த அந்த மலைப்பக்கம் எனக்கு நெருக்கமாகத் தோன்றியது.

செவ்வாயும் வியாழனும் ஃபோர்ட்டே தெய் மார்மி, வியாரெஜ்ஜோ வரையிலான கடற்கரைச் சமவெளி. கால்களுக்கு ஓய்வு, அவ்வளவுதான். விளக்கு விஷயத்தில் அவர்கள் தவறினாலும், நாள் வகுப்பதில் அவர்கள் காட்டிய அறிவுக்காக அதே நிலையத்துக்கே மீண்டும் போவேன். செப்டம்பர் மாதத்துக்கு அண்ணாச்சி ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டார். இம்முறை பத்து நாள், இடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வரும்படி.